நரிக்குக் குரல் கொடுத்தவள்

பதிவில் நரி ஒரு தடவை கூடுதலாகப் பேசியிருந்தது.

மோகனா ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டு மறுபடி கேட்டாள். சிறுவர் கார்ட்டூன் ஒன்றுக்குத் தமிழில் குரல் கொடுக்கும் வேலை அவளுக்கு. அதில் வரும் நரி அவள்தான். கோலாலம்பூரிலுள்ள கம்பெனி படத்தை அனுப்பும். அவள் வீட்டின் பின்னறையில் உட்கார்ந்து பேசி அனுப்புவாள். இந்த வாரக் கதையில், கோழிக்குஞ்சுகள் தனியாக இருக்கும் வீட்டுக்கு நரி வந்து, தாய்க்கோழியின் குரலில் கதவைத் திறக்கச் சொல்கிறது. அந்த வசனத்தைக் கொஞ்சம் மூக்காலும் கொஞ்சம் இழுத்தும், கேட்கிற பிள்ளைகள் சிரிக்கும்படி பேசியிருந்தாள். பேசி முடித்ததும் மைக்கை நிறுத்த மறந்து தண்ணீர் குடித்திருக்கிறாள். மடக் மடக்கென்று தொண்டையில் இறங்கும் சத்தம் பதிவில் தெளிவாக இருந்தது.

அந்தச் சத்தத்தின் மேலேயே அதே வசனம் இன்னொரு முறை வந்தது. மூக்கால் இல்லை. இழுவையும் இல்லை. பள்ளி விட்டு வரும் மகளை வாசலில் நின்று கூப்பிடுவாளே, அந்தக் குரல்.

தண்ணீர் குடித்துக்கொண்டே யாராலும் பேச முடியாது. முன்பு பேசிப் பார்த்த ஏதோ ஒரு துண்டு மேலே ஏறிவிட்டது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு அதை அழித்தாள். ஹெட்போனைக் கழற்றி வைத்தாள்.

குயின் ஸ்ட்ரீட்டிலிருந்து பிரியும் சந்தில், பழைய கடைவீட்டின் மாடியில் அவர்கள் குடியிருந்தார்கள். கீழே நோர்மாவின் தையல் கடை. தெருவில் துணிக்கடைக்காரர்கள் வைக்கும் பாட்டு மைக்கில் விழாமலிருக்க, கணவன் கிஷன் பின்னறை ஜன்னலைப் பலகை வைத்து அடைத்து, சுவரெங்கும் பழைய கம்பளிகளைத் தொங்கவிட்டிருந்தான். அதற்குள் நின்றால் தன் மூச்சே தனக்குப் பெரிதாகக் கேட்கும்.

அவள் சமையலறைக்குப் போய் இரவுக்குத் தோசைக்கல்லை வைத்தாள். மழை தொடங்கியிருந்தது. ஓட்டுக்கூரையில் விழும் மழைச் சத்தத்தில் தெருப்பாட்டும், மாரியம்மன் கோயிலின் மாலை மணியும், சைக்கிள் ரிக்‌ஷாக்களின் மணியும் ஒவ்வொன்றாக அமுங்கிப் போயின. மசாலாக் கடைகளிலிருந்து எப்போதும் ஏறிவரும் சீரக வாசம்கூட இல்லை. அதற்குப் பதிலாக வேறொரு வாசம் வந்தது. சோறு வேகும்போது பாண்டான் இலையைக் கிள்ளிப் போட்டதுபோல இனிப்பாக, கதகதப்பாக. வீட்டில் சோறும் வேகவில்லை. பாண்டான் இலையும் இல்லை.

கூடத்தில் படத்துக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்த ஷர்மினி எழுந்து, சமையலறை வாசலைத் தாண்டிப் பின்னறைப் பக்கம் நடந்தாள். அவளுக்கு ஆறு வயது.

“எங்க போற ஷர்மி?”

பிள்ளை நின்றாள். அம்மாவைப் பார்த்தாள். பிறகு பின்னறையைப் பார்த்தாள்.

“நீங்க அங்கருந்துதானே கூப்பிட்டீங்க?”

“நான் இங்கதானே நிக்கிறேன்.”

“ஆமால்ல,” என்றாள் ஷர்மினி. பயந்ததாகத் தெரியவில்லை. கணக்கில் தப்பு விட்டவள்போல நெற்றியைச் சுருக்கிக்கொண்டு திரும்பிப்போய் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

மோகனா அடுப்பை அணைத்தாள். பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை வேலையிலிருந்த கிஷனுக்குப் போன் போட்டாள். குரலைப் பற்றி எப்படிச் சொல்வதென்று தெரியாமல் வாசத்தை மட்டும் சொன்னாள்.

“மூசாங்கா இருக்கும்லா,” என்றான் அவன். பின்னால் இயந்திரங்கள் இரைந்தன. “மரநாய். கூரையில பூந்திருக்கும். அது இருந்தா பாண்டான் வாசம் அடிக்கும், உனக்குத் தெரியாதா? நாளைக்கு ஆள் வச்சுப் பாக்கிறேன்.”

அவளுக்கு மூச்சு சீராக வந்தது. மரநாய். கூரையில் ஒரு பிராணி. அவ்வளவுதான். போனை வைத்துவிட்டு அண்ணாந்து பார்த்தாள். மழையினூடே நகங்கள் பலகையில் உரசும் சத்தம் கேட்டது. கிரீச், கிரீச்சென்று, அவசரமில்லாமல், எடைபோட்டு வைக்கும் நடை. அவள் ஒரு அடி எடுத்து வைத்தாள்; அதுவும் ஒரு அடி வைத்தது. அவள் நின்றாள், அதுவும் நின்றது.

சத்தம் கூரையிலிருந்து வரவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம், பின்னறைக்குள்ளிருந்து வந்தது.

“மோகனா.” கீழேயிருந்து நோர்மா கூப்பிட்டாள். “மேல வரச்சொல்லிட்டு ஏன்மா பேசாம இருக்க?”

மோகனா மாடிப்படியின் உச்சிக்கு ஓடினாள். படியின் அடியில் நோர்மா கடைச் சாவியோடு நின்றிருந்தாள். முக்காட்டின் ஓரத்தை வாய்மேல் அழுத்திப் பிடித்திருந்தாள்.

“நான் கூப்பிடலக்கா.”

“நீதாம்மா கூப்பிட்ட. பாதிப் படியில நின்ன மாதிரி இருந்துச்சு. லைட் இல்ல, முகம் தெரியல. என்ன வேணும்னு கேட்டேன், சிரிச்ச.” நோர்மா தயங்கினாள். “நீ அப்படிச் சிரிச்சு நான் கேட்டதே இல்ல.”

அவர்களுக்கு நடுவிலிருந்த படிகளில் பாண்டான் வாசம் தேங்கி நின்றது.

“புள்ளய தூக்கிட்டு வா,” என்றாள் நோர்மா மெதுவாக. “காடி வெளியதான் நிக்குது, ஏறிப் போயிடலாம். கிஷன் வர்ற வரைக்கும் எங்க வீட்டுல இரு. துணி எதுவும் எடுக்காத. வா.”

மோகனா திரும்பினாள்.

நாற்காலி காலியாக இருந்தது. பச்சை வண்ணப் பென்சில் மேசையில் இன்னும் உருண்டுகொண்டிருந்தது.

பின்னறைக் கதவு சாத்தியிருந்தது.

தள்ளினாள். உள்ளே தாழ் போட்டிருந்தது. பழைய காலத்துக் கனத்த மரம். தோளால் இடித்தாள். அசையவில்லை.

“ஷர்மி, கதவத் தொற. அம்மா கூப்பிடுறேன்.”

கம்பளிகள் எல்லாச் சத்தத்தையும் குடித்துக்கொண்டிருந்தன. பிறகு சின்னக் காலடிகள் கதவருகே வந்தன.

“அம்மா இங்க இருக்காங்க,” என்றாள் ஷர்மினி.

“இல்ல கண்ணு. அம்மா வெளிய இருக்கேன். தாழ எடு.”

உள்ளே ஏதோ குனிந்தது. துணி சரசரத்தது. மோகனாவின் சொந்தக் குரல், அவளைவிடவும் அன்பாக, கதவுக்கு அந்தப் பக்கமிருந்து பேசியது.

“தொறக்காத கண்ணு. வெளிய நிக்கிறது நரி.”

படியடியிலிருந்து நோர்மாவின் குரல் நடுங்கியபடி ஏறி வந்தது. “மோகனா, உள்ள யாரு பேசுறா?”

மோகனா கதவில் இரண்டு கைகளாலும் அறைந்தாள். நான்தான் உன் அம்மா என்று சொல்ல வாயைத் திறந்தாள். அழுகைதான் முந்திக்கொண்டது. சொற்கள் மூக்கால் வந்தன. இழுத்து இழுத்து வந்தன. பிள்ளைகளைச் சிரிக்கவைக்க அவள் பழகிவைத்திருந்த குரல் அது. மாற்றப் பார்த்தாள். முடியவில்லை. வேறு குரல் வரவே இல்லை.

“நரி அழுவுதும்மா,” என்றாள் ஷர்மினி. அவள் குரலில் இப்போது பயம் இருந்தது. வெளியே நிற்பவளைப் பார்த்துப் பயம்.

“அழட்டும்,” என்றது உள்ளிருந்த குரல். “நீ வா. அம்மா மாதிரி நடக்கச் சொல்லித் தர்றேன்.”

மோகனா தரையில் விழுந்து படுத்தாள். கதவுக்குக் கீழே விரற்கடை இடைவெளி. கன்னத்தைப் பலகையில் அழுத்தி, ஒரு கண்ணால் பார்த்தாள். உள்ளே மேசை விளக்கு எரிந்தது.

ஷர்மினியின் கால்கள் தெரிந்தன. மஞ்சள் காலுறை. பக்கத்தில் இன்னொரு ஜோடிக் கால்கள். பெண்ணின் கால்கள். மெட்டி. கணுக்காலில் அவளுக்கிருக்கும் அதே தழும்பு. அவளுடைய கால்கள்.

குதிகால்கள் மட்டும் தரையில் இல்லை.

விரல் நுனிகளில் நின்றன. குதிகால்கள் உயரத்தில், வெகு உயரத்தில், பின்பக்கமாக மடிந்திருந்தன. இரை பார்த்து நிற்கும் பிராணியின் பின்னங்கால்கள்போல.

“இப்படித்தான்,” என்றது குரல்.

மஞ்சள் காலுறைக்குள் ஷர்மினியின் குதிகால்கள் மெல்லத் தரையை விட்டு எழுந்தன.

இன்னும் எழுந்தன.