பொங்கிய மேல்வானம்

கண்ணாடிக் கதவு படாரென்று திறந்தது. அவள் குடையில் தேங்கியிருந்த மழைநீர் முழுவதும் எதிரே வந்தவன் சட்டையில் கொட்டியது.

"மேடம்... நான் காலையிலேயே குளிச்சிட்டேன்!"

மன்னிப்புக் கேட்க நிமிர்ந்தவள், அந்தக் கண்களைப் பார்த்ததும் வார்த்தையை மறந்தாள். சிரிக்கிற கண்கள்... மழை கழுவிவிட்ட இலை மாதிரி... சே, என்ன இது! வந்த வேலை தலைபோகிற வேலை.

"விண்வெளி ஆய்வு மையத்துலேர்ந்து வர்றேன். செயற்கைக்கோள் கட்டுப்பாட்டுப் பொறியாளரைப் பார்க்கணும்."

"நனைஞ்சு நிக்கிறவன்தான் அது. சொல்லுங்க."

சொன்னாள். சூரியனில் கிளம்பிய காந்தப்புயல் பூமியை நெருங்கிவிட்டது. துருவங்களின் மேல்வானில் மின்சாரம் ஆறாய்ப் பாயும். அந்தச் சூட்டில் காற்று பாலைப் போலப் பொங்கி எழும். தாழப் பறக்கும் அவனுடைய செயற்கைக்கோளை உரசி உரசியே கீழே தள்ளிவிடும். நடுக்கடலில் தவிக்கும் படகுகளின் அபயக்குரலைக் கேட்பது அது ஒன்றுதான். மாலைக்குள் உயரே ஏற்றியாக வேண்டும்!

"சின்னப் புயல்னுதானே உங்க ஆய்வு மையம் அறிவிச்சிருக்கு? இருக்கிற எரிபொருள் ஒரு தடவைக்குத்தான் வரும். மையத் தலைவரே தப்புன்னு சொல்றீங்களா, புயலம்மா?"

புயலம்மாவா! அவளுக்குச் சுருக்கென்றது.

"ஆமா, தப்புதான். துருவத்துல பாயற மின்சாரம் எவ்வளவு சூடேத்தும்னு அவர் கணக்குல சேர்க்கல. அவர்... எங்கப்பா. 'எனக்கே பாடம் எடுக்கறியா? அங்கே போனா என் முகத்துல முழிக்காதே'ன்னுட்டார். வந்துட்டேன்."

அவன் சிரிப்பு நின்றது. நாற்காலியை இழுத்துப் போட்டான். கேள்வி மேல் கேள்வியாகத் துளைத்தான். அவள் ஒன்றுக்கும் அசரவில்லை. கணக்கைத் தானும் போட்டுப் பார்த்தவன் நெற்றியைத் துடைத்துக்கொண்டான்.

தொலைபேசி அலறியது. அப்பா!

"என் பொண்ணு பேச்சைக் கேட்டு எரிபொருளை வீணாக்கிடாதீங்க!"

"பார்த்துட்டேன் சார், கணக்கு சரியா இருக்கு. பழி வந்தா என் தலையில வரட்டும்."

தொலைபேசியை வைத்துவிட்டு, செயற்கைக்கோளுக்குக் கட்டளையை அனுப்பினான். அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாய் வந்தன...

மறுநாள் புயல் அடித்தது. மேல்வானம் அவள் சொன்னதற்கும் ஒரு படி மேலாகவே பொங்கியது. திரையில் எல்லாரும் கண்ணை நட்டிருந்தார்கள்... கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை... பிறகு கரகரத்த ஒரு குரல்! கடலில் எங்கோ கவிழவிருந்த படகின் குரல். உயரே ஏறித் தப்பிய செயற்கைக்கோள் அதைப் பிடித்துவிட்டது! மீட்புக் கப்பல் விரைந்தது. படகில் இருந்த எல்லாரும் பிழைத்தார்கள். அறையே துள்ளிக் குதித்தது.

வாசலில் அப்பா நின்றிருந்தார்.

"உன் கணக்குதாம்மா சரி. வீம்பு என் கண்ணை மறைச்சிடுச்சு."

அவள் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். பின்னாலேயே வந்தான் பொறியாளன்.

"மேடம்... புயல் வந்தாத்தான் வருவேன்னு இருந்துடாதீங்க. தினமும் வாங்க. எனக்கு... உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு."

"ஐயோ... அப்பா இங்கேயே நிக்கறார்!"

"அதான் அவர் முன்னாலேயே சொல்றேன்."

கன்னம் சிவக்கத் தலைகுனிந்தாள். "எனக்கும்..." என்றாள், காற்றுக்கும் கேட்காமல்.

அப்பா தொண்டையைச் செருமினார். "என்னம்மா, முணுமுணுக்கறே? நேத்து என்கிட்டப் போட்ட சத்தம் எங்கே போச்சு?"

அவள் நிமிர்ந்தாள். அந்தக் கண்களை நேருக்கு நேர் பார்த்தாள்.

"எனக்கும் உங்களைத்தான் பிடிச்சிருக்கு!"