தண்ணீர் கேட்டவள்

“நிறைய போச்சுன்னா வாயத் திறந்து சொல்லுவியாம்மா?”

பிரசவம் முடிந்த அக்கா பூரணியை வீட்டுக்கு அனுப்பும்போது நர்ஸ் லிசி பவித்ராவிடம் இப்படித்தான் கேட்டார். வைத்த துணி ஒரு மணி நேரத்துக்குள் முழுக்க நனைந்தால், பெரிய கட்டி விழுந்தால், தாகம் அடங்காமல் உடம்பு சில்லிட்டு வேர்த்தால் உடனே 108-ஐக் கூப்பிட வேண்டும். நஞ்சுக்கொடியில் ஒரு துணுக்கு உள்ளே தங்கினாலும் போதும், நாள் கழித்துக்கூட ரத்தம் பெருகும் என்றார். எட்டாவதோடு பள்ளியை விட்டு, யார் வந்தாலும் அடுக்களைக்குள் ஒதுங்கிக்கொள்ளும் பவித்ரா தலையை மட்டும் ஆட்டினாள்.

இன்று மத்தியானம் அம்மா அமிர்தம் பூண்டும் பால்சுறாவும் வாங்க காந்தி மார்க்கெட்டுக்குப் பஸ் ஏறியதும் எங்கோ சொட்டுச் சத்தம் கேட்டது. அடுக்களைக் குழாயை இறுக்கினாள். குளியலறைக் குழாயையும் இறுக்கினாள். காற்று படக் கூடாதென்று ஜன்னலைச் சாத்தி, சாம்பிராணிப் புகையும் பூண்டு வாசமும் குழந்தைப் பவுடரும் வெளியேற வழியின்றித் தேங்கி நின்ற, பூரணி படுத்திருந்த பின்னறையிலிருந்து, ஒன்று விழுந்து, மறந்துபோன மாதிரி கொஞ்சம் பொறுத்து, இன்னொன்று விழுந்தது.

“பவி, தண்ணி.”

பச்சை உடம்புக்குத் தண்ணீர் ஆகாது, வயிறு ஊதிவிடும் என்பது அம்மாவின் கட்டளை. ஒரு மடக்குதான் தரலாம். காலையிலிருந்து பூரணி கேட்டுக்கொண்டே இருந்தாள். பவித்ரா மடக்கு மடக்காகவே கொடுத்தாள். அக்காவின் உதடு சுண்ணாம்பு பூசியது போலிருந்தது. நெற்றியில் குளிர்ந்த வேர்வை. இரண்டு நாளாக வெளுத்து வந்த தீட்டு, இன்று முதல் நாள் போலச் சிவந்திருந்தது. சற்றுமுன் மாற்றிய துணி கையில் கனத்தது.

அம்மாவுக்குப் போன் செய்தாள்.

“கெட்ட ரத்தம்டி. போனாத்தான் நல்லது, உள்ள தங்கக் கூடாது. சும்மா சும்மா போய்ப் பாக்காத. மீன் வெட்டுறாங்க, வைக்கிறேன்.”

வாசலில் பக்கத்து வீட்டு பானுமதி நின்றாள்.

“என்னடி, அக்கா தூங்குறாளா? இல்ல, உன்ன மாதிரி அவளும் பேச்ச விட்டுட்டாளா?”

பவித்ரா வாயைத் திறந்தாள். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. தலையை ஆட்டினாள்.

“சரி, தூங்கட்டும். தீட்டு வீடு, நான் உள்ள வரல.”

செருப்புச் சத்தம் தேய்ந்தது. சொட்டுச் சத்தம் மட்டும் இப்போது இடைவெளி விடவில்லை. பவித்ரா குனிந்து கட்டிலுக்கடியில் பார்த்தாள். ரப்பர் ஷீட்டின் ஓரம் மடங்கியிருந்தது. அதன் வழியாக இறங்கியது தரையில் தேங்கி, மெதுவாக நிலைப்படியைத் தேடி நகர்ந்தது.

அவளுக்குப் பயம்கூட வரவில்லை.

“பவி, தண்ணி.”

குரல் கட்டிலிலிருந்து வரவில்லை.

அடுக்களையிலிருந்து.

கூடத்துக்கு வந்து போனை எடுத்தாள். விரல் தானாக எண்களை அழுத்தியது.

“108, சொல்லுங்க.”

அடுக்களையில் குடம் சாயும் சத்தம்.

“ஹலோ? யாருக்கு என்னம்மா ஆச்சு? சொல்லுங்க.”

மடக், மடக்கென்று யாரோ குடிக்கும் சத்தம்.

“அக்கா,” என்றாள்.

“அக்காவுக்கு என்ன? எந்த ஊரு?”

ஸ்ரீரங்கம். ஒரு சொல்தான். வரவில்லை.

திறந்திருந்த கதவு வழியாகக் கட்டில் தெரிந்தது. பூரணி படுத்திருந்தாள். கண் திறந்திருந்தது. உதடு காய்ந்திருந்தது. பக்கத்தில் குழந்தை வாயைக் குவித்து வெறும் காற்றைச் சப்பியது.

சொட்டுச் சத்தம் நின்றுவிட்டது.

“லைன்ல இருக்கீங்களாம்மா?”

அடுக்களையிலிருந்து பூரணி வந்தாள். அவிழ்ந்த கூந்தல். ஈர உதடு. மோவாயிலிருந்து தண்ணீர் வழிந்தது. நிலைப்படி தாண்டிக் கூடத்தில் பரவியிருந்த சிவப்பை மிதித்துத்தான் நடந்தாள். பாதம் பதியவில்லை. பவித்ராவை உரசிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் வாசற்படி இறங்கினாள். வெயிலில் தெருவோடு நடந்தாள்.