முதல் கப்பல் ரத்தம்

செவ்வாய்க் கிரகத்தில் காலையில் பல் துலக்கியதும் சுவரில் விரலை வைக்க வேண்டும். சுவர் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக்கொண்டு, "நன்றி, இன்றைய காற்றுப் பங்கு திறந்தாயிற்று" என்று சொல்லும். தில்லைநாயகத்துக்கு இது அறவே பிடிக்காது. முதல் கப்பல் சங்கத்தின் தலைவரிடம் கேவலம் ஒரு சுவர் ரத்தம் கேட்பதா?

முதல் கப்பலில் வந்தவை நாற்பது குடும்பங்கள். இரண்டாம் கப்பல் பதினோரு வருடம் கழித்து வந்தது. அந்தப் பதினோரு வருடத்தை வைத்துக்கொண்டுதான் இத்தனை ஜம்பமும். ஐந்து தலைமுறையாகத் தங்களுக்குள்ளேயே பெண் கொடுத்து, பெண் எடுத்து, கூடவே ஒரு ரத்தக் குறையையும் பத்திரமாகக் கைமாற்றிக்கொண்டார்கள். ரத்தத்தில் உயிர்க்காற்றைச் சுமக்கும் புரதத்தின் மரபணு பாதிப் பேருக்குப் பழுது. ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வந்தால் லேசான சோகையோடு போய்விடும். தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் வந்துவிட்டால் பிள்ளைக்கு ஆயுள் முழுக்க அடுத்தவர் ரத்தம்தான்.

மகள் செவ்வந்தி, இரண்டாம் கப்பல் மருதனைக் கட்டிக்கொள்கிறேன் என்றபோது பொருத்தப்பொறி பச்சை விளக்கு காட்டியது. தில்லைநாயகம் பொறியை அணைத்தார். சொந்தக் கப்பலில் அவர் பார்த்த மாப்பிள்ளைக்குச் சிவப்பு விளக்கு. நாலில் ஒரு பிள்ளைக்கு ஆபத்து.

"நாலுல ஒண்ணுதானேம்மா? மூணு நல்லா இருக்குமே!"

அவர் பார்த்த மாப்பிள்ளையோடுதான் கல்யாணம் நடந்தது. கருவிலேயே சோதித்துவிடலாம் என்று மருத்துவர் சொன்னதற்கும் அவர் சம்மதிக்கவில்லை. நம் ரத்தத்தில் குறை என்று நாமே எழுதிக் கொடுப்பதா?

பிறந்தவள் குயிலி. ஆறாம் மாதமே வெளிறிப் போனாள். முதல் கப்பல்காரர்களின் சோகை ரத்தத்தை மருத்துவமனை வாங்குவதில்லை. ஆகவே மூன்று வாரத்துக்கு ஒரு பை, இரண்டாம் கப்பலிலிருந்து. அவற்றில் பல மருதன் கொடுத்தவை. ஏற்றிய மறுநாள் குழந்தை தாத்தாவின் முதுகில் ஏறிக் குதிரை ஓட்டும். அவர் அவள்மேல் உயிரையே வைத்திருந்தார். பையின் மேல் எழுதியிருக்கும் பெயரை மட்டும் படிக்க மாட்டார்.

ஐந்தாவது பிறந்தநாளில் சங்கத்தின் குலப்பதிவில் பெயர் சேர்ப்பது வழக்கம். சேராத பிள்ளை முதல் கப்பல் குடியிருப்பில் இருக்கக்கூடாது. குழந்தையின் ஒரு சொட்டு ரத்தத்தை விட்டால், அணுக்களின் மேலுள்ள குறிகளைப் படித்து எந்தக் கப்பல் என்று பதிவுத்தட்டு சொல்லும். கலப்பு நுழைந்துவிடாமல் இருக்க இந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்ததே தில்லைநாயகம்தான்.

பட்டுப்பாவாடையோடு வந்து குயிலி விரலை நீட்டினாள்.

"இரண்டாம் கப்பல்" என்றது தட்டு.

கூட்டம் சிரிப்பை அடக்கிக்கொண்டது.

"தாத்தா, என் பேரு வரலையா?"

தில்லைநாயகம் அவளைத் தூக்கிக்கொண்டு வெளியேறினார். மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நாலாம் நாள் மகளைத் தனியே கூப்பிட்டார். கண் கலங்கியிருந்தது.

"விசாரிச்சுட்டேம்மா. ஏத்தின ரத்தம் நாலு மாசத்துல தானா அழிஞ்சுடுமாம். அதுவரைக்கும் ஏத்தாம விட்டா அவளோட சொந்த ரத்தம் மட்டும்தான் மிஞ்சும். அப்பக் கூட்டிட்டு வா, பேரைச் சேத்துடலாம்."

"நாலு மாசம் அவ தாங்க மாட்டாப்பா."

தில்லைநாயகம் மகளின் தலையை ஆதரவாக வருடினார்.

"தாங்குவாம்மா. நம்ம ரத்தமாச்சே!"