நான்காம் லைன் நல்லம்மாள்

அழித்த வரி மறுபடி வந்திருந்தது.

'நல்லம்மாளுக்கு வலது காது கேட்காது.' அவ்வளவுதான். விஜயராணி அதைக் காலையிலேயே ஒரு முறை அழித்திருந்தாள். அடுத்த கதைக்குப் போய்விட்டு ஏதோ சந்தேகத்தில் திரும்பி வந்து பார்த்தபோது பத்தியின் கடைசியில் அதே இடத்தில் இருந்தது. மறுபடி அழித்தாள். மூன்றாம் முறை கண்ணில் பட்டபோது மணி பதினொன்று. இன்னும் முப்பத்தொரு கதை கிடந்தது. இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியின் மாடியில் அவளுக்கு ஒரு சின்ன அறை. அவள் கம்பெனி ஆள் அல்ல, எழுதித் தருபவள். வெளிநாடு போகும் ஒவ்வொரு டீசர்ட்டிலும் ஒரு அட்டை தொங்கும். அதிலுள்ள கட்டத்தை ஃபோனில் ஸ்கேன் செய்தால், தைத்தவரின் பெயரும் நூறு சொல்லில் அவர் கதையும் வரும். கீழே சின்ன எழுத்தில், எழுதியவர்: விஜயராணி.

நான்கு வருடம் சாப்பாட்டு நேரத்தில் கீழே போய், பெண்களோடு உட்கார்ந்து, கேட்டு எழுதினாள். வாரத்துக்கு எட்டுப் பேர். போன தீபாவளிக்குப் பிறகு வெளிநாட்டு ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் தௌபிக் அந்தக் கதைகள் எல்லாவற்றையும் ஏஐக்குப் படிக்கக் கொடுத்தான். இப்போது அதுவே எழுதுகிறது. நாளைக்கு நாற்பது. அவள் அதை மனுஷி எழுதியதுபோல் ஆக்க வேண்டும். பிறகு 'நேரில் சந்தித்தேன்' என்ற கட்டத்தில் டிக் போட வேண்டும். ஆரம்பத்தில் ஒவ்வொரு பெயராகக் கீழே போய்ச் சரிபார்த்தாள். எப்போது நிறுத்தினாள் என்று நினைவில்லை. பள்ளிக்கூட நோட்ஸ், விளம்பரம், மொழிபெயர்ப்பு என்று எழுத்து வேலைகள் ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போனபின் எஞ்சியது இந்த அறைதான். இங்கே யாரிடமும் எதையும் கேட்க அவளுக்குத் தெம்பில்லை.

மூன்று வாரம் கழித்து தௌபிக் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினான்.

“அக்கா, சரக்கு வாங்கற பையரோட ஆடிட்டுங்க. வந்திருக்கற மேடம் அட்டைய ஸ்கேன் பண்ணிப் போட்டு, இவங்களப் பாக்கோணும்கறாங்க.”

ஃபோனை நீட்டினான். நல்லம்மாள். நான்காம் லைன். ஓவர்லாக் மிஷின். பதினெட்டு வருட அனுபவம்.

“யாரு இவங்க?”

“அதத்தானுங்கக்கா நானும் உங்ககிட்டக் கேக்கறேன். அப்படி ஒருத்தர் நம்ம கம்பெனிலயே இல்லீங்க.”

“நான் எழுதலியே தம்பி. அதுல்லா எழுதுச்சு.”

“டிக்குப் போட்டது நீங்கதானுங்க.” அவன் கோபப்படவில்லை. அவனும் தூங்கிப் பல நாள் ஆனவன்போல்தான் இருந்தான். “கதை பொய்னு தெரிஞ்சா இந்த அட்டை வேலையே போயிருமுங்க. உங்களுக்கும் இல்ல, எனக்கும் இல்ல. அந்தப் பேருல உங்களுக்கு ஐடி கார்டு அடிச்சாச்சு. லைன்ல எல்லார்த்துகிட்டயும் சொல்லியாச்சு. நீங்க போய் உக்காந்தாப் போதும்.”

“எனக்கு ஊசில நூல் கோக்கக்கூட வராதுய்யா.”

“பேசிட்டுத்தானுங்க போவாங்க. அஞ்சரைக்கு நீங்க பழையபடி விஜயராணி. மாமா வந்து கூட்டிட்டுப் போயிருவாரு, அவ்வளவுதானுங்க.”

கார்டில் அவள் படம் இருந்தது. எப்போது எடுத்தது என்று தெரியவில்லை. படத்தில் சிரித்துக்கொண்டிருந்தாள். இந்த வருடத்தில் அப்படிச் சிரித்த ஞாபகம் இல்லை.

பையையும் ஃபோனையும் மேசையில் வைத்துவிட்டு, கார்டைக் கழுத்தில் போட்டு, லைன் பெண்களைப்போல் முகக்கவசமும் தலைத்தொப்பியும் மாட்டிக்கொண்டு இறங்கினாள்.

பாதிப் படியிலேயே சத்தம் காலில் ஏறியது. இருநூறு மிஷின்களின் இரைச்சல், புதுத் துணியின் சாய வாடை, சூடேறிய எண்ணெய், அயனிங் மேசையிலிருந்து கிளம்பும் ஈர ஆவி, யாரோ ஒருத்தியின் தலையில் வாடிக்கொண்டிருந்த மல்லிகை எல்லாம் ஒன்றோடொன்று கலந்து, ஜன்னல் இல்லாத அந்த நீளக் கூடத்தில், டியூப்லைட்டுகளுக்குக் கீழே மிதக்கும் பஞ்சுத் தூசியோடு, பகலா இரவா என்று சொல்ல முடியாத ஒரு வெளிச்சத்தில் தேங்கி நின்றன. நான்காம் லைனில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. அதன் மேல் வேஸ்ட் துணியை மடித்துத் தைத்த மெத்தை. ஒருத்தி வருடக்கணக்காக உட்கார்ந்து எழுந்த பள்ளம் அதில் இருந்தது. விஜயராணி உட்கார்ந்தாள். பள்ளம் அவளுக்கு அளவாக இருந்தது. சூடாகவும் இருந்தது.

“வந்துட்டீங்களா நல்லக்கா? நேத்து ஏனுங்க லீவு? உங்க பண்டலயும் சேத்து ஓட்டி என்ர இடுப்பே போச்சு.”

பக்கத்து மிஷினில் குல்சார் பேகம். மூன்று வருடத்துக்கு முன்பு அவள் கதையை விஜயராணி எழுதியிருக்கிறாள். இரண்டு பேரும் ஒரே டப்பாவில் தக்காளிச் சோறு சாப்பிட்டிருக்கிறார்கள்.

“நல்லா நடிக்கீங்க குல்சார்” என்று தாழ்ந்த குரலில் சொன்னாள்.

குல்சார் ஏதோ பதில் சொன்னாள். இரைச்சலில் விளங்கவில்லை. அவள் எழுந்து, நாற்காலியைச் சுற்றி வந்து, இடது பக்கமாகக் குனிந்தாள்.

“மறந்தே போச்சுங்கக்கா. உங்களுக்கு அந்தக் காதுதானே.”

இதையும் தௌபிக் சொல்லிக்கொடுத்திருப்பான். கெட்டிக்காரன். விஜயராணி அப்படித்தான் நினைத்துக்கொண்டாள்.

ஆடிட் மேடம் கையில் டேப்லட்டோடு வந்து ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மென்மையாகப் பேசினாள். எந்த ஊர், எத்தனை வருடம், சம்பளம் நேரத்துக்கு வருகிறதா. விஜயராணி இறங்கும்முன் அட்டைக் கதையை மனப்பாடம் செய்திருந்தாள். சொன்னாள். பெருமாநல்லூருங்க. பதினெட்டு வருசமுங்க. வருதுங்க. அவள் கோவில்பட்டிக்காரி; பன்னிரண்டு வருடம் இந்தப் பக்கம் குடியிருந்தும் அந்தப் பேச்சு நாக்கில் ஏறியதில்லை. இப்போது நூல் கண்டிலிருந்து உருவுவதுபோல் வந்தது.

“பிள்ளைங்க இருக்காங்களா?”

கதையில் அது இல்லை.

“ஒரே பொண்ணுங்க. மயிலாள். நர்ஸுக்குப் படிக்கறாளுங்க.”

விஜயராணிக்குப் பிள்ளை இல்லை. ஆனால் சொல்லும்போதே அந்தப் பெண்ணின் பின்னல் தெரிந்தது. சிவப்பு ரப்பர் பேண்டு. காலையில் அவசரமாகப் போட்டது.

“ரொம்ப சந்தோஷம். ஒரு பீஸ் தைச்சுக் காட்டறீங்களா? வீடியோ எடுத்துக்கறேன்.”

போயிற்று என்று நினைத்தாள். அட்டை வேலை, அறை, எல்லாம். துணியைத் தொடாமல் ஏதாவது சாக்குச் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் இடது கை பண்டலிலிருந்து முன்பாகத்தை உருவியது. வலது கை பின்பாகத்தை அதன் மேல் பொருத்தியது. கால் அமுங்கியது. ஊசி தோளோரமாக ஓடி, விளிம்பை வெட்டி, நூலை அறுத்து நின்றது. நேரான தையல். மேடம் தலையாட்டி எழுந்து போனாள்.

கை நிற்கவில்லை. அடுத்த பீஸ். அடுத்தது. பயமாகத்தான் இருந்தது. ஆனால் பயத்துக்குக் கீழே வேறொன்றும் இருந்தது. ஓய்வு. யாரோ எழுதியதைப் படித்து, மாற்றி, மறுபடி படிக்க வேண்டியதில்லை. தைத்த பீஸ் தைத்ததுதான். எத்தனையோ மாதமாகக் கழுத்துக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த பாரம் இறங்கியிருந்தது. கொஞ்ச நேரம் அப்படியே இருப்போமே என்று இருந்தாள்.

தலை நிமிர்ந்தபோது நான்கு மணி டீ முடிந்து டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

தௌபிக் லைனில் நடந்து வந்தான். “தம்பி” என்று கூப்பிட்டாள். அவன் முகத்தைப் பார்க்கவில்லை. கழுத்துக் கார்டைக் குனிந்து படித்தான்.

“சொல்லுங்க நல்லம்மாக்கா. நூல் தீந்துருச்சுங்களா?”

“ஆடிட்டு முடிஞ்சிருச்சுல்லங்க. நா மேல போறனுங்க.”

“மேல உங்களுக்கு என்னங்க வேலை? ஆடிட்டெல்லாம் ரைட்டரக்கா பாத்துக்குவாங்க. பண்டல முடிங்க. இன்னிக்கு ஒன்றரை ஷிப்டு, எட்டரை வரைக்கும்.”

போய்விட்டான். சிரிக்கவில்லை. கண்ணடிக்கவில்லை.

“குல்சார், போதுமுங்க. அவங்க போயிட்டாங்க. நா விஜயராணி.”

குல்சார் மிஷினை நிறுத்தினாள். பார்த்தாள். அந்தப் பார்வையில் நடிப்பு இல்லை, கவலைதான் இருந்தது.

“மறுபடியும் மாத்திரை போடலீங்களா?”

வலது பக்கம் சத்தம் குறைந்துகொண்டு வந்தது. யாரோ பஞ்சைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே திணிப்பதுபோல். முதலில் தூரத்து மிஷின்கள். பிறகு பக்கத்து மிஷின். பிறகு அந்தப் பக்கமே இல்லை.

எழுந்திருக்க நினைத்தாள். கால் பெடலை அமுக்கியது.

எட்டரைக்கு மணி அடித்தது. மிஷின்கள் அணைந்தன. கை தானாக மிஷினுக்கு உறை போட்டது. பெண்கள் வரிசையாக வெளியேறினார்கள். அவளும் அந்த வரிசையில் போனாள். கேட்டுக்கு வெளியே புங்க மரத்தடியில், அணைத்து வைத்த பைக்கின் மேல் அவள் கணவர் பெருமாள்சாமி உட்கார்ந்திருந்தார். காலையில் அவளை இறக்கிவிட்ட அதே நீலச் சட்டை. அஞ்சரையிலிருந்து நிற்கிறார்போல. முகம் வாடியிருந்தது.

ஓடினாள். முகக்கவசத்தை இறக்கினாள். தலைத்தொப்பியை உருவினாள். தெருவிளக்குக்கு நேரே முகத்தைக் காட்டி நின்றாள்.

அவர் பைக்கை நகர்த்தி அவளுக்கு வழிவிட்டார்.

ஏங்க, நான்தான். அதைத்தான் சொல்ல வாயைத் திறந்தாள்.

“ஏனுங்க, ஆரப் பாக்கோணும்?”

“மேல ஆபீஸ்ல விஜயராணின்னு, கத எழுதுறவ. என் வீட்டுக்காரி. ஃபோன எடுக்க மாட்டேங்கா. நான் கீழ நிக்கேன்னு ஒரு வார்த்த சொல்லிருதீங்களாக்கா?”

அவர் கண்ணில் ஏதாவது அசைகிறதா என்று பார்த்தாள். வேற்று மனுஷியிடம் உதவி கேட்பவரின் கூச்சம்தான் இருந்தது.

“சரிங்க.”

திரும்பி நடந்தாள்.

கூடத்தில் விளக்குகளை அணைத்திருந்தார்கள். உறை போட்ட மிஷின்கள் வரிசை வரிசையாக. படி. பதினாறு படி. மாடித் தாழ்வாரம் இருட்டு.

அவள் அறையின் கதவு சாத்தியிருந்தது. கதவுக்கடியில் ஒரு கோடு வெளிச்சம்.

இடது காதைக் கதவில் வைத்தாள்.

தட்டச்சு. வேகம். நிறுத்தம். மறுபடி வேகம்.

கதவைத் தட்டினாள்.

சத்தம் நின்றது.

“யாரு?”

அவளுடைய சொந்தக் குரல். கோவில்பட்டிக் குரல். களைத்துப்போன குரல்.

“உங்க ஊட்டுக்காரர் கீழ நிக்கறாருங்க.”

“இந்தா வாரேன். ஒரே ஒரு கதை இருக்கு, முடிச்சிருதேன்.”

நாலைந்து தட்டல். பிறகு ஒன்றுமில்லை. நாற்காலி பின்னால் நகர்ந்தது. செருப்பைத் தேடும் கால். நடை. கதவை நோக்கி. கதவுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றது.

வெளிச்சக் கோட்டில் இரண்டு காலின் நிழல்.

விளக்கு அணைந்தது.

கைப்பிடி கீழே இறங்கியது.