பதில் வராவிட்டால் அனுமதி

கவிழ்த்து வைத்திருந்த கைபேசி மல்லாந்து கிடந்தது.

தண்ணீர் குடித்துவிட்டு வர இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. அவர் அதைக் கவிழ்த்துத்தான் வைத்தார்; அதில் சந்தேகமே இல்லை. திரை ஒளிர்ந்தால் மூத்த மகள் சிரித்துக்கொண்டு வந்து நிற்பாள் என்பதால் நேற்றிலிருந்து கவிழ்த்தே வைக்கிறார். ஜன்னல் மூடியிருந்தது. அறைக் கதவையும் அவர்தான் சாத்திவிட்டுப் போனார். சமையலறையில் மனைவி பாத்திரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் சத்தம் கேட்டது; மூன்றரை மணி வெயில் திரைச்சீலையின் ஓரமாக ஒரு கோடாய் இறங்கி, மேசை விளிம்பைத் தொட்டு, அந்தக் கறுப்புக் கண்ணாடிமேல் மட்டும் படாமல் நின்றது.

அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே திரை விழித்தது.

'பெயரில்லாத செயலி ஒன்று அனுமதி கேட்கிறது: கேமரா.' கீழே இரண்டு கட்டங்கள். மறு. அனுமதி. பக்கத்தில் ஓர் எண், பத்தில் தொடங்கி ஒவ்வொன்றாக இறங்கியது.

அவர் 'மறு' என்பதை அழுத்தினார். மறுப்பது அவருக்குப் பழகிய காரியம்.

கைபேசி ஒருமுறை அதிர்ந்தது, அணைந்தது, பிறகு கம்பெனி முத்திரையைக் காட்டியபடி மறுபடி முதலிலிருந்து உயிர்பெறத் தொடங்கியது.

மூத்தவள் தன் இஷ்டத்துக்கு ஒருவனைக் கட்டிக்கொண்டு போய் மூன்று வருடம் ஆகிறது. அன்றிலிருந்து தெருவுக்கும் சொந்தபந்தத்துக்கும் அவள் வெளிநாட்டில் வேலை பார்க்கிறாள். போன மாதம் காய்ச்சலில் செத்துப்போன பிறகும் அவள் வெளிநாட்டில்தான் வேலை பார்க்கிறாள். மனைவியை அவர் வாய்விட்டு அழ விடவில்லை. "பக்கத்து வீட்டுக்குக் கேக்கும்" என்றார். அவள் தலையணையில் முகம் புதைத்து அழுதாள். உறையைத் தானே துவைத்துக் காயப்போட்டாள். ஒரு குடும்பம் நிமிர்ந்து நிற்க யாராவது குனியத்தான் வேண்டும் என்பது அவர் எண்ணம். அந்த யாராவது அவராக இருந்ததில்லை.

பிறகு இந்தக் கைபேசி வந்தது. அவளைக் கட்டியவன் ஓர் உறையில் போட்டு, மாமியார் பெயர் எழுதி, கேட்டில் செருகிவிட்டுப் போயிருந்தான். உள்ளே ஒரு துண்டுச் சீட்டு: 'படமெல்லாம் இதில் இருக்கிறது. பூட்டைத் திறக்கும் கோடு எனக்குத் தெரியாது.' மனைவி அதை இரண்டு நாள் மடியிலேயே வைத்திருந்தாள். அவரால் அதை உடைக்கவும் முடியாது, தொலைக்கவும் முடியாது.

அதில் படம் மட்டும் இல்லை என்பது அவருக்குத் தெரியும்.

சாவதற்கு நான்கு நாள் முன்னால் மூத்தவள் இந்த வீட்டுக்கு வந்தாள். நல்ல மழை. மனைவி கண் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள். அவர் கூடத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். சுவர்க் கடிகாரப்படி பதினோரு நிமிடம் கதவு தட்டப்பட்டது. அவர் திட்டவில்லை, விரட்டவில்லை, ஒரு வார்த்தை பேசவில்லை. அதைத் தன் கண்ணியமாகவே எண்ணினார். கடைசியில் அவள் ஜன்னல் பக்கம் வந்து கைபேசியை உயர்த்திப் பிடித்தாள். "ஃபேன் ஓடற சத்தம் கேக்குதுப்பா. நீங்க உள்ளதான் இருக்கீங்க. தட்ட ஆரம்பிச்சதிலேர்ந்து ரெக்கார்ட் பண்றேன். ஒருநாள் அம்மா கேக்கட்டும்."

அந்த ஒன்றை அழிக்க வேண்டும். அழித்துவிட்டுப் படங்களை மனைவியிடம் கொடுத்துவிடலாம். அவள் அதைக் கேட்டுவிட்டால், நாற்பது வருடமாக அவர் முகம் பார்த்துப் பேசியவள் இனி அந்த முகத்தைப் பார்க்க மாட்டாள்.

மூலைக்கடை மெக்கானிக்கைத் தெருவில் எல்லோரும் டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். நேற்று அந்த டாக்டர் கண்ணில் பூதக்கண்ணாடியோடு கைபேசியைப் புரட்டிப் பார்த்தார்.

"சாதாரணமா பூட்டை எடுத்தா உள்ள இருக்கறது பூரா அழிஞ்சிடும் ஐயா. அழியாம எடுக்கணும்னா ரூட் பண்ணித்தான் ஆகணும்."

"அப்படின்னா?"

"இத்தனை நாள் கம்பெனிக்காரன் வீட்ல நீங்க வாடகைக்கு இருந்தீங்க. இப்ப வீட்டுக்காரரே நீங்கதான், கொத்துச்சாவி உங்க கையில. எவன் எந்த ரூமுக்குள்ள நுழையணும்னாலும் உங்களைக் கேட்டுட்டுதான் நுழைவான்."

"நான் கூடாதுன்னா?"

"நுழைய மாட்டான். நீங்க வாயே தொறக்கலேன்னாலும் நுழைய மாட்டான். பத்து செகண்ட் பாக்கும், பதில் இல்லேன்னா கூடாதுன்னு எடுத்துக்கும்."

அந்த ஏற்பாடு அவருக்கு மிகவும் பிடித்திருந்தது.

கைபேசி மீண்டும் விழித்தது. 'மைக்.' மறுத்தார். அணைந்தது. விழித்தது. 'தொடர்புகள்.' மறுத்தார். ஒவ்வொரு முறையும் அது எழுந்து, அவள் சிரிப்பைக் காட்டி, அவர் பதிவுகள் இருக்கும் இடத்தைத் தேடி விரலை நகர்த்துவதற்குள் கேள்வியோடு வந்து நின்றது. பேட்டரி தொண்ணூறிலிருந்து அறுபதுக்கு விழுந்தது. பின்பக்கம் சூடாகிக்கொண்டே போனது. அடுப்புச் சூடு இல்லை, இரும்பு வெயிலில் காய்ந்த சூடும் இல்லை, காய்ச்சல் கண்ட நெற்றியில் புறங்கையை வைத்தால் தெரியுமே, அந்தச் சூடு. எங்கிருந்தோ ஈரத்துணியின் முடைநாற்றம் வந்தது. ஒரு மாதமாக மழை இல்லை.

கதவு திறந்தது. மனைவி ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி நின்றாள்.

"என்னங்க, படம் வந்துதா?"

"வரும். நீ போ."

"ஒண்ணே ஒண்ணாவது..."

"போன்னு சொன்னேன்."

"அவ இருந்தவரைக்கும் முகத்தைத் திருப்பிக்கிட்டீங்க. இப்ப அவ போனை இப்படி முறைச்சுக்கிட்டு உக்காந்திருக்கீங்க" என்று முணுமுணுத்துக்கொண்டே போனாள்.

அவர் திரும்பிப் பார்த்தபோது திரையில் புதிய கேள்வி இருந்தது. 'ஜன்னல்.' எண் நான்கில் இருந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொள்வதற்குள் எண் தீர்ந்து, கைபேசி தானே அணைந்தது. அவருக்குப் பின்னால், மூடிய ஜன்னலின் கொக்கி மெதுவாக ஆடி நின்றது.

தன் கைபேசியில் டாக்டரைக் கூப்பிட்டார்.

"ரூட் பண்ண போன்ல இது சகஜம் ஐயா. வால்யூம் கீழ்ப் பட்டனையும் பவர் பட்டனையும் சேத்துப் பிடிங்க. ஒரு பட்டியல் வரும். அதுல 'தற்காலிகக் குப்பை'ன்னு இருக்கறத மட்டும் அழிங்க. அதுக்குக் கீழ இருக்கறதைத் தொட்டுடாதீங்க, போட்டோ எல்லாம் மொத்தமா போயிடும்."

பட்டியல் வந்தது. குப்பையை அவர் தொடவில்லை. அதற்குக் கீழே இருந்ததைப் பார்த்தார். அனைத்தையும் அழி. மெக்கானிக் கெடுத்துவிட்டான் என்று மனைவியிடம் சொன்னால் போதும். அவள் இன்னும் கொஞ்ச நாள் தலையணை உறை துவைப்பாள், அவ்வளவுதான்.

அழுத்தினார்.

'அனுமதி மறுக்கப்பட்டது.'

மறுபடி அழுத்தினார். மறுபடி அதே வரி. வீட்டுக்காரருக்கே. வாழ்நாளில் யாரும் தன்னிடம் சொல்லாத அந்தச் சொல்லை அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க மறு மறுன்னு அமுக்கறதாலதான் அது முட்டிக்கிட்டு நிக்குது" என்றார் டாக்டர், இரண்டாவது முறை கூப்பிட்டபோது. "கடைசியா எதுக்குக் கேட்டுச்சு?"

"ஜன்னல்னு வந்தது."

"அப்படி ஒண்ணு கெடையவே கெடையாதே. கண்ணாடியை மாத்துங்க ஐயா." சிரித்தார். "சரி, செட்டிங்ஸ்ல 'பதில் வராவிட்டால்'னு ஒரு வரி இருக்கும். 'மறு'ங்கறதை எடுத்துட்டு 'அனுமதி'ன்னு வையுங்க. அது பாட்டுக்குக் கேக்கட்டும், நீங்க கண்டுக்காம உங்க வேலையைப் பாருங்க. போனும் அணையாது. முடிஞ்சதும் பழையபடி மாத்திக்கலாம்."

கண்டுகொள்ளாமல் வேலையைப் பார்ப்பது அவருக்குத் தெரியும். அந்த வரியைத் தேடிப்பிடித்துத் தன் கையாலேயே மாற்றினார்.

கைபேசி அடங்கியது. சூடு குறைந்தது. பதிவுகள் திறந்தன. அந்தத் தேதி. பதினோரு நிமிடம், நான்கு விநாடி.

அதுதானா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். ஒலியைக் குறைத்துக் காதோடு வைத்துக்கொண்டார். மழை. தட்டும் சத்தம். ஆனால் மழையும் தட்டலும் தொலைவில் இருந்தன, ஒரு சுவருக்கு அப்பால். பக்கத்தில் கேட்டது வேறு. மின்விசிறியின் கிறீச். பேப்பர் திருப்பும் சரசரப்பு. மூக்கில் மெல்லிய விசிலோடு ஒரு கிழவனின் மூச்சு. வெளியே நின்றவள் எடுத்த பதிவு இல்லை இது. அவர் நாற்காலிக்குப் பின்னால், தோளுக்கு மிக அருகில் நின்றபடி எடுத்தது.

அவர் அந்த மூச்சைக் கேட்டார். அது ஒருமுறைகூடத் தடுமாறவில்லை.

திரையின் மேலே கேள்வி வந்தது. 'முன்கதவு.' பத்து. ஒன்பது. அவர் கண்டுகொள்ளவில்லை. பதிவின்மேல் விரலை வைத்து அழுத்தினார். நிச்சயமாக அழிக்கவா? ஆம். ஆறு. ஐந்து. அழிகிறது. மூன்று. இரண்டு.

அழிந்தது.

கூடத்தில் தாழ்ப்பாள் நகர்ந்தது.

அவருக்குத் தெரிந்த சத்தம். பாதியில் ஒருமுறை சிக்கும். சிக்கியது. பிறகு விட்டது. கதவு சுவரில் மோதவில்லை. யாரோ பிடித்துத் திறந்திருந்தார்கள். ஈரத்துணி நாற்றம் அறைக்குள் வந்தது. மனைவியின் குரல். மெல்ல, தாலாட்டுவதுபோல. யாருக்கோ.

எழுந்தார். கூடத்துக்குப் போனார்.

முன்கதவு விரியத் திறந்திருந்தது. வெளியே வெயில் காய்ந்தது. மனைவி சோபாவில் உட்கார்ந்து, கையிலிருந்த துண்டால் துவட்டிக்கொண்டிருந்தாள். அவள் காலடியில் யாரும் இல்லை. துண்டு மட்டும் காற்றில் உருண்டையாக நின்றது. ஒரு தலையளவு. அதன் கீழிருந்து நீர் சொட்டியது. சொட்டிய நீர் தரையில் பரவியது.

"எப்படி நனைஞ்சிருக்கா பாருங்க" என்றாள், அவரை நிமிர்ந்து பார்க்காமல். "அன்னிக்கு வந்தாளாமே. பதினோரு நிமிஷம் நின்னாளாம். நீங்க உள்ளதான் இருந்தீங்களாம்."

அவர் தரையில் பரவிய நீரைப் பார்த்தார்.

"அப்படியாங்க?"

கையில் கைபேசி ஒளிர்ந்தது.

'அம்மா.'

பத்து.

'மறு' மீது விரலை வைத்தார். திரை முழுக்க நீர்த்துளிகள். விரல் வழுக்கியது. சட்டையில் துடைத்தார். சட்டையும் நனைந்திருந்தது. மறுபடி அழுத்தினார். எட்டு. திரை அவர் விரலை அறியவில்லை.

"என்னைக் கூட்டிக்கிட்டுப் போறேங்கறா" என்றாள் மனைவி. "உங்களை ஒரு வார்த்தை கேட்டுட்டுதான் வருவேன்னு சொன்னேன். இத்தனை வருஷப் பழக்கம், விடுமா?"

ஆறு.

போகாதே. ஒரே வார்த்தை. அதைச் சொன்னால் மூத்தவள் வந்திருக்கிறாள் என்று ஆகும். அன்றும் வந்தாள் என்று ஆகும். ஆகட்டும். ஐந்து. உதடு பிரிந்தது.

கேட்டுக்கு வெளியே நிழல் ஆடியது. பக்கத்து வீட்டுக்காரர். திறந்த கதவைப் பார்த்து நின்றுவிட்டார். "என்ன சார், பெரிய பொண்ணு வந்திருக்கா? குரல் கேட்டுச்சே?"

உதடு மூடியது. முதுகு தானே நிமிர்ந்தது.

மூன்று.

மனைவி அப்போதுதான் அவரை ஏறிட்டுப் பார்த்தாள். கோபம் இல்லை. காத்திருக்கும் பார்வை.

இரண்டு.

ஒன்று.

துண்டு தட்டையாகத் தரையில் விழுந்தது. மனைவி சோபாவில் சாய்ந்திருந்தாள். கண் திறந்திருந்தது, அவரைப் பார்த்தபடியே. சற்றுமுன் காய்ந்திருந்த அவள் தலைமுடியின் நுனிகளிலிருந்து நீர் சொட்டத் தொடங்கியது.

அவர் கைபேசியை நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். அடுத்த கேள்விக்காக. அவரைக் கேட்டு ஏதாவது வரும். அனுமதி என்று அழுத்தக்கூட இப்போது அவர் தயார். திரை இருண்டே கிடந்தது. அவரை யாரும் கேட்கவில்லை.

சோபாவின் முன்னாலிருந்து ஈரக் காலடிகள் புறப்பட்டு, இரண்டு ஜோடி, பக்கம் பக்கமாக வாசலைத் தாண்டின. படியில் விழுந்தன. கேட்டைக் கடந்தன. பக்கத்து வீட்டுக்காரர் விலகி வழிவிட்டார். எதிர்வீட்டுக்காரி கையில் துடைப்பத்தோடு நின்றாள். சைக்கிளில் போனவன் காலை ஊன்றி நிறுத்தினான். காய்ந்த தெருவின் நடுவில் ஒன்றன்பின் ஒன்றாக, அவசரமில்லாமல், அவை விழுந்துகொண்டே போயின. தெருக்கோடிவரை எல்லோரும் பார்த்தார்கள்.

பிறகு அவை எங்கிருந்து வந்தன என்று தெரிந்துகொள்ள, ஒருவர் பின் ஒருவராக, அவர் வீட்டுப் பக்கம் தலையைத் திருப்பினார்கள்.