மூன்றாவது வாசகர்

காலை ஒன்பது மணிக்கு மூன்றாம் அறையின் வாசலில் பச்சை விளக்கு எரிந்தது. உள்ளே ஒருவர் படிக்கத் தொடங்கிவிட்டார் என்று பொருள். வெளியே பெஞ்சில் சங்கரவடிவு உட்கார்ந்தாள். நேற்றும் இதே இடம்தான்.

தூத்துக்குடி வாசிப்புக் கூடத்தில் எழுத்தாளர்கள் காத்திருக்கும் பெஞ்சு அது. இன்று அவள் மட்டும்தான்.

"டீ சொல்லட்டாக்கா?" என்றாள் கூடத்தின் மேற்பார்வையாளர் பாத்திமுத்து.

"வேண்டாம்."

"நேத்தும் வேண்டாம்னீங்க. மயங்கி விழுந்தா நான்ல தூக்கணும்."

கதைப்பொறிகள் ஒரு நாளில் எழுதித் தள்ளுவதை ஊரே கூடினாலும் ஓர் ஆயுளில் படித்து முடிக்க முடியாது. யாரும் முயல்வதும் இல்லை. பொறி எழுதியதைப் பொறியே சுருக்கியது. சுருக்கத்தைக் கேட்டுவிட்டு மனிதர்கள் தூங்கப் போனார்கள். அதனால்தான் சட்டம் வந்தது. முன்பின் தெரியாத ஒரு மனிதர் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை ஒரு வரியும் தாண்டாமல் படித்தால் அது புத்தகம். இல்லையென்றால் வெறும் கோப்பு.

வாசகரைக் குலுக்கலில் எடுப்பார்கள். நெற்றியில் வாசிப்புமானியைக் கட்டி உட்கார வைப்பார்கள். கவனம் வரியை விட்டு விலகினால் விளக்கு அணைந்துவிடும். முடியும்வரை எழுத்தாளர் அவரிடம் பேசக் கூடாது. ஒரு கதைக்கு மூன்று வாசகர்கள். இடையில் திருத்திக்கொள்ளலாம். மூன்றாமவரும் கைவிட்டால் அந்தக் கதை அத்தோடு சரி.

உள்ளே இருந்தவர் மூன்றாமவர். ஞானதாசன். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர்.

"ஏதாவது சொன்னாரா?" என்று கேட்டாள் வடிவு.

"நேத்து சாப்பிட வந்தப்ப மீன்குழம்புல உப்பு இல்லன்னாரு. கதையப் பத்தி வாயத் திறக்கல."

வடிவு சம்பளத்துக்குச் செய்தது வேறு வேலை. கதைப்பொறிகள் எழுதியதில் 'உலுக்கல்' வைப்பாள். கவனம் தளரும் இடம் பார்த்து ஒரு விபத்து, ஓர் அலறல், அடுப்படியில் ஒரு பாம்பு. அதில் அவளை மிஞ்ச நிறுவனத்தில் ஆளில்லை. சொந்தக் கதையிலும் அதையே செய்தாள். முதல் வாசகர் கொட்டாவி விட்டார். இரண்டாமவர், இதெல்லாம் தினமும் கேட்பதுதானே என்று மானியைக் கழற்றி வைத்துவிட்டார்.

அதன்பின் ஒரு வருடம் உட்கார்ந்து உலுக்கல்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். ஒரே அடுப்படியில் பேசாமல் சமைத்துக்கொள்ளும் அக்காவும் தங்கையும் மட்டும் மிஞ்சினார்கள். அவர்களை நம்பித்தான் கடைசி முறையாக இங்கே வந்திருந்தாள்.

வெயில் ஏறியபோது விளக்கு அணைந்தது.

வடிவு எழுந்திருக்கவில்லை. இதை இரண்டு முறை பார்த்திருக்கிறாள். பாத்திமுத்து கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தாள்.

"தூங்கிட்டாரா?"

"இல்லக்கா. பின்னால போறாரு."

"பின்னாலன்னா?"

"முன்ன படிச்ச பக்கத்துக்கு. எதையோ தேடுறாரு. வரிசை தப்பினதும் மானி அணைச்சிருச்சு."

"அப்ப முடிஞ்சுதா?"

"எனக்குத் தெரியலியே. நான் இங்க சேந்து ஆறு வருசம் ஆச்சு. திரும்பிப் போய்ப் படிச்ச ஆள நான் பாத்ததே இல்ல."

பாத்திமுத்து தலைமை அலுவலகத்தைக் கூப்பிட்டாள். அவர்களுக்கும் தெரியவில்லை. விதியைத் தேடினார்கள். வடிவு தன் கால்விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாளைக்கு வேலைக்குப் போகவேண்டும். இன்னொரு கதையில் இன்னொரு விபத்து வைக்கவேண்டும்.

"அக்கா, திரும்பிப் படிச்சா தாண்டுன கணக்குல வராதாம். விட்ட இடத்துக்கே வந்து முடிச்சா செல்லுமாம்."

"வருவாரா?"

"அவரத்தான் கேக்கணும். கேக்கவும் கூடாது."

உள்ளே தாள் புரளும் ஓசை கேட்டது. பிறகு அதுவும் இல்லை. வடிவு கதவைப் பார்க்காமல் இருக்க முயன்றாள். பார்த்தாள். பச்சை விளக்கு மறுபடி எரிந்துகொண்டிருந்தது.

"பாத்தி, அந்த டீயச் சொல்லு."

சாயங்காலம் கதவு திறந்தது. ஞானதாசன் மானியைக் கழற்றி பாத்திமுத்துவிடம் கொடுத்தார். அவள் பார்த்தாள். முதல் பக்கத்தில் முத்திரை வைத்தாள். அவ்வளவுதான், புத்தகம். இந்த நொடியில் அழுவோம் என்று வடிவு நினைத்திருந்தாள். பசித்தது. மூன்று வருடம் தோளில் கிடந்ததை யாரோ இறக்கிவைத்தது போலிருந்தது.

ஞானதாசன் நெற்றியில் பட்டையின் தடத்தைத் தேய்த்துக்கொண்டு அவள் எதிரே வந்து நின்றார்.

"இனிமே பேசலாம்லா?"

"தாராளமா அண்ணாச்சி," என்றாள் பாத்திமுத்து.

"நீங்கதான் எழுதுனதா?"

"ஆமா."

"ரெண்டு பேரும் கடைசியில பேசிக்கிட்டது சந்தோசம். எங்க வீட்டுலயும் இப்படி ஒண்ணு உண்டு, அத விடுங்க. பாதிக் கதையில அரிசி டிரம்முக்குப் பின்னால ஒரு பாம்பு நுழைஞ்சுச்சு. வெளிய வந்ததா நீங்க எழுதவே இல்ல. எதையாவது விட்டுட்டனோன்னு திரும்பப் போயும் பாத்துட்டேன்."

வடிவு பிடுங்கிய உலுக்கல்களில் ஒன்று தப்பிவிட்டிருக்கிறது.

"கடைசிப் பக்கம் வரைக்கும் அவங்க அதே அடுப்படியில வெறுங்காலோட நடக்காங்க. எனக்கு உயிரே இல்ல."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள். முடியவில்லை. பெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஞானதாசன் சிரிக்கவில்லை.

"சிரிக்காதீங்கம்மா. அந்தப் பாம்பு எங்க போச்சு?"