உடன் இருப்பவள்

"உள்ளங்கை எரிச்சல் இப்ப எப்படி இருக்கு ஆன்டி?"

இரத்த அழுத்தப் பட்டையை மாதவியின் கையில் சுற்றிக்கொண்டே நர்ஸ் ஷார்மைன் சாதாரணமாகத்தான் கேட்டாள். மாதவி தன் உள்ளங்கையைப் பார்த்தாள். எரிச்சல் உண்மை. முந்தின நாள் சாயங்காலம் முழுக்க ஐஸ் தண்ணீருக்குள் கையை விட்டுக்கொண்டு சமையலறையில் தனியாக நின்றிருந்தாள். ஆனால் அதை யாரிடமும் சொல்லவில்லை.

"நான் எப்பம்மா சொன்னேன்?"

"நீங்க எங்க சொல்வீங்க? எல்லாத்தையும் மறைக்கிறீங்கன்னு உங்க தங்கச்சிதான் கம்ப்ளேன் பண்ணாங்க. நேத்து வீட்டு நம்பருக்கு அடிச்சேன் லா. நீங்க தூங்கிட்டீங்களாம்."

பட்டை இறுகியது. ஷார்மைன் எண்ணைப் பார்த்துச் சிரித்தாள். "பிரஷர் ஏறுது பாருங்க. தங்கச்சின்னா அவ்ளோ பயமா?"

மாதவியும் சிரித்து வைத்தாள். அவள் வீட்டில் தங்கச்சி என்று யாரும் இல்லை.

அந்தப் பொய்யை இதே நாற்காலியில் உட்கார்ந்துதான் சொல்லியிருந்தாள். மார்பில் தொடங்கிய நோய் எலும்புக்கும் ஈரலுக்கும் போய்விட்டது. வழக்கமான மருந்துகள் ஒவ்வொன்றாகக் கைவிட்ட பிறகு, டாக்டர் இந்தப் புது மருந்துச் சோதனையைப் பற்றிச் சொன்னார். இன்னும் வெளியே வராத மருந்து. கேட்குமா என்று அவர்களுக்கே தெரியாது. திடீரென்று காய்ச்சல் வரலாம், மூச்சு திணறலாம்; அதனால் கூடவே தங்கும் ஆள் ஒருவர் கட்டாயம் வேண்டும். ஆள் இல்லாதவர்களைச் சேர்ப்பதில்லை.

கணவர் விஜயன் போய்ச் சேர்ந்தாயிற்று. மகன் தனேஷ் ஆஸ்திரேலியாவில், பெர்த்தில் இருந்தான். சின்னக் கட்டி, எடுத்தாச்சு என்பதோடு அவனிடம் பேச்சை முடித்துக்கொண்டிருந்தாள். "யார் இருக்காங்க ஆன்டி?" என்று ஷார்மைன் கேட்டபோது, கொஞ்சமும் யோசிக்காமல் வாயில் வந்தது: "என் தங்கச்சி வள்ளியம்மா. என்கூடத்தான் இருக்கா." போன் வந்தால் தானே எடுத்து, குரலை மாற்றிப் பேசிக்கொள்ளலாம் என்று வீட்டு எண்ணைக் கொடுத்தாள். இன்டர்நெட்டோடு சேர்ந்து வந்த போன் அது. யாரும் அதில் கூப்பிடுவதில்லை.

கிள்ளானுக்குத் திரும்பும் கொமுட்டர் ரயிலில், குளிர்ந்த ஜன்னலில் தலை சாய்த்தபடி, அந்தப் பெயர் ஏன் வந்தது என்று மாதவி யோசித்தாள். வள்ளியம்மா அவளுடைய தங்கைதான். பந்திங் பக்கம் ரப்பர் தோட்டத்தில் இருந்தபோது, பதினைந்து வயசில், காய்ச்சலில் செத்துப்போனவள். கன்னியாகப் போனவளை வீட்டுத் தெய்வமாக வைத்துக் கும்பிடுவது அவர்கள் குடும்ப வழக்கம். வருஷத்தில் ஒரு நாள் பெயர் சொல்லி அழைத்து, புதுப் பாவாடையும் பூவும் இனிப்பும் வைப்பார்கள். பொழுது சாய்வதற்குள் வாசற்கதவை அகலத் திறந்து, "சந்தோஷமா போம்மா வள்ளியம்மா" என்று அனுப்பிவிடுவார்கள். மற்ற நாட்களில் அம்மா அந்தப் பெயரை எடுக்கவே விடமாட்டாள். அழைத்தால் அனுப்பியாக வேண்டும்.

மாதவி பெயரைச் சொன்னாள். என்கூட இருக்கிறாள் என்றும் சொன்னாள். அனுப்பவில்லை.

வீட்டுக் கதவைத் திறந்ததும் அப்படியே நின்றாள். பக்கத்து வீட்டில் யாரோ மிளகாய் வதக்கும் நெடி, கீழே லோரி பின்வாங்கும் சத்தம், குளியலறைக் குழாயின் சொட்டு என்று எல்லாம் வழக்கம்போலத்தான் இருந்தன. அவற்றுக்கு அடியில், பேசிக்கொண்டிருந்தவர்கள் ஆள் வந்ததும் பேச்சை நிறுத்தினால் ஒரு அறையில் என்ன மிஞ்சுமோ, அந்த மாதிரி ஒரு மௌனம் சோபாவிலும் திரைச்சீலையிலும் படிந்திருந்தது. மேசையிலிருந்த போனை எடுத்துக் காதில் வைத்தாள். பிளாஸ்டிக் வெதுவெதுப்பாக இருந்தது. கொஞ்சம் முன்னால்தான் ஒரு கன்னம் அதில் அழுந்தியிருந்த மாதிரி.

ஷார்மைனைக் கூப்பிட்டு உண்மையைச் சொல்லிவிடலாம். சொன்னால் மருந்து நின்றுவிடும். போனை வைத்துவிட்டாள்.

மருந்து கேட்கத் தொடங்கியிருந்தது. ஸ்கேனில் ஈரல் கட்டிகள் சுருங்கியிருப்பதாக டாக்டர் திரையைத் திருப்பிக் காட்டினார். "உங்க தங்கச்சி நல்லா பாத்துக்கிறாங்க போல," என்றார். மாதவி தலையாட்டினாள்.

யாரோ பார்த்துக்கொள்ளத்தான் செய்தார்கள். மத்தியானம் அசந்து தூங்கி எழுந்தால் பாதத்துக்குப் போர்வை இழுத்துவிடப்பட்டிருக்கும். வாந்தி எடுத்த பிளாஸ்டிக் பேசின் கழுவிக் கவிழ்த்திருக்கும். மருந்தில் தலைமுடி மொத்தமும் கொட்டிப்போன மாதவியின் சீப்பில், ஒரு நாள், தேங்காயெண்ணெய் மினுமினுக்க நீளமான கருப்பு முடி ஒன்று சுற்றியிருந்தது. அதை எடுத்து விரலில் சுற்றிக்கொண்டு, கட்டில் ஓரத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். கத்த வேண்டும் போலிருந்தது. ஆனால் விஜயன் போன பிறகு இந்த வீட்டில் அவள் போர்வையை இழுத்துவிட்டவர் யாரும் இல்லை என்ற நினைப்பும் கூடவே வந்தது. பயத்தைவிட அதுதான் அவளை அழவைத்தது.

அதற்குப் பிறகு வெளியே கிளம்பும்போது, "போயிட்டு வரேன்," என்று உள்ளே பார்த்துச் சொல்லத் தொடங்கினாள். சாப்பிடும்போது பேசினாள். மீன் விலை, தனேஷ் அனுப்பிய குழந்தைப் படம், கீழ்வீட்டுக்காரியின் வாய். பதில் வராது. யாரோ கேட்டுக்கொண்டிருப்பது மட்டும் தெரியும்.

ஒரு நாள் ஷார்மைன் கைத்தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"ஆன்டி, நீங்க சோதனையை விட்டு விலகப் போறீங்களா?"

"யாரு சொன்னா?"

"தங்கச்சி ஒரே அழுகை. 'அக்காவுக்குப் போதும், நான் கூட்டிட்டுப் போறேன்'ன்னு சொல்றாங்க. எங்கன்னு கேட்டா சொல்ல மாட்டேங்கிறாங்க." "அவங்களுக்கு என்ன வயசு ஆன்டி? சின்னப் புள்ள குரல் மாதிரி இருக்கு."

"நான் விலகல," என்றாள் மாதவி. "எனக்கு இன்னும் வாழணும்மா. எழுதி வச்சுக்க. அவ என்ன சொன்னாலும் கேக்காத."

"அப்ப வியாழக்கிழமை ஊசிக்கு வந்துருங்க. இந்தத் தடவை தவறினா திரும்பச் சேர முடியாது லா."

புதன்கிழமை தெங்கு கிளானா சாலைக் கடைகளுக்குப் போய்ப் பச்சைப் பாவாடையும் மல்லிகைப்பூவும் கேசரியும் வாங்கிவந்தாள். வள்ளியம்மாவின் பழைய படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டாள். வெயில் இறங்குவதற்குள் வாசற்கதவை அகலத் திறந்தாள்.

நடைபாதை காலியாகக் கிடந்தது. பின்னால், மிக அருகில், பாவாடைத் துணி சரசரத்தது. யாரோ மூச்சு விடாமல் காத்திருப்பது போலிருந்தது. இப்போது சொல்ல வேண்டும். சந்தோஷமா போம்மா. சொன்னதும் இந்த வீடு என்ன ஆகும் என்று நினைத்தாள். ஊசி போட்டுக்கொண்டு திரும்பி வந்து, விளக்கைப் போட்டு, ஒரே ஒரு தட்டைக் கழுவி, டிவியைப் பார்த்தபடி தூங்கிப்போகும் ஒரு வீடு. குணமாகிவிட்டால் அப்படி இன்னும் எத்தனை வருஷம்.

ஊசி முடிந்து வந்து அனுப்பிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். கதவைச் சாத்தினாள்.

பின்னால் யாரோ மெல்ல மூச்சு விட்டார்கள்.

மறுநாள் காலை நன்றாக விடிந்திருந்தது. மாதவி குளித்து, சேலை கட்டி, தலைக்குத் துணி சுற்றிக்கொண்டு படுக்கையறையில் கைப்பையை எடுத்தாள். ஹாலில் போன் அடித்தது. எடுக்கப் போவதற்குள் மணி நின்றது.

"ஹலோ." இளம் குரல். அழுது தடித்த குரல். "இல்ல மிஸ், இன்னிக்கு வர முடியாது. அக்கா விடிகாலையில தவறிட்டாங்க."

மாதவி ஓடினாள். ஓடினாளா? கால் தரையில் பட்டது போலில்லை. ஹாலில் யாரும் இல்லை. போன் மேசையில் மல்லாந்து கிடந்தது. அதற்குள்ளிருந்து ஷார்மைன் விசும்புவது கேட்டது. மாதவி அதைக் காதில் வைத்துக் கத்தினாள்.

"ஷார்மைன்! நான்தாம்மா! உயிரோடதான் இருக்கேன், வந்துகிட்டிருக்கேன்!"

"ஹலோ? வள்ளியம்மா? லைன்ல இருக்கீங்களா?"

"நான் மாதவி!"

"சத்தமே வரல... சரி. அவங்க பேரை எடுத்துடுறேன். தைரியமா இருங்க."

தொடர்பு அறுந்தது.

கைத்தொலைபேசி. பையில் இல்லை. கட்டிலில் இல்லை. வாசற்கதவின் பிடி அசையவில்லை. நடைபாதையில் கீழ்வீட்டுக்காரி யாரிடமோ பேசிக்கொண்டு போனாள். மாதவி கதவைத் தட்டினாள். இரண்டு கையாலும் அடித்தாள். பேச்சு நிற்கவில்லை. கொஞ்சம்கூட.

பின்னால் ஏதோ இழுபடும் சத்தம்.

கனமான, பொறுமையான சத்தம்.

திரும்பினாள்.

சோபா சுவரோரமாகத் தள்ளப்பட்டிருந்தது. நாற்காலிகளும். ஹாலின் நடுவே, தெற்கே தலைமாடு வைத்து ஒரு பாய் விரித்திருந்தது. தலைமாட்டில் விளக்கு எரிந்தது. பாயோரத்தில் ஒரு பெண் முதுகைக் காட்டி உட்கார்ந்து, வெள்ளைத் துணியை நிதானமாகக் கிழித்துக்கொண்டிருந்தாள். அகலமாக ஒன்று, தாடையைக் கட்ட. ஒடுக்கமாக ஒன்று, கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்ட. ஒடுக்கமானதை விரல்களுக்கிடையே இழுத்து நீளம் பார்த்தாள். போதும் என்பதுபோலத் தலையாட்டினாள்.

பிறகு, திரும்பாமலே, பாயை உள்ளங்கையால் இரண்டு முறை தட்டினாள். பிள்ளையைப் படுக்கக் கூப்பிடுகிற மாதிரி.